பாடம் கர்ப்பிணிக்கு மட்டும்தானா?

(மங்கலத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

கர்ப்பிணிப் பெண்களின் ஊட்டச்சத்து பற்றியும், குழந்தைகளின் வளர்ச்சி குன்றாமல் காப்பது பற்றியும் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். வந்து பார்க்கிறேன், முன்வரிசை முதல் கடைசி வரிசை வரை ஆண்களாகவே அமர்ந்திருக்கிறீர்கள். ஒரு கர்ப்பிணிகூட இல்லை. ஏற்பாட்டில் ஏதோ பிசகிவிட்டது என்று எண்ணாதீர்கள். நான் பேச விரும்பியதே உங்களிடம்தான்.

ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள். அங்கன்வாடித் துறையினர் சமுதாய வளைகாப்பு நடத்துவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எல்லாச் சமயத்துப் பெண்களும் வருவார்கள். வளையல் போடுவார்கள், கலவைச் சாதம் பரிமாறுவார்கள், ஒரு டாக்டரம்மா எழுந்து கீரை சாப்பிடுங்கள், முட்டை சாப்பிடுங்கள், மாத்திரையை விடாதீர்கள், பகலில் இரண்டு மணி நேரம் படுங்கள் என்று நல்லபடியாகச் சொல்வார். அந்தப் பெண்களும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். அத்தனையும் உண்மை, அத்தனையும் அவசியம். ஆனால் வீட்டுக்குத் திரும்பியதும் என்ன நடக்கிறது? முட்டை வாங்கும் காசு யாருடைய பையில் இருக்கிறது? அடுப்படியில் யார் வைத்தது சட்டம்? பகலில் படுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வது மாமியாரா, கம்பெனி சூப்பர்வைசரா? பாடம் படித்தவளிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர்கள் பாடம் படிக்க வரவே இல்லை. அதனால்தான் இந்தக் கூட்டம் சரியான கூட்டம் என்கிறேன்.

ஒரு சென்டிமீட்டரும் ஆறு சென்டிமீட்டரும்

வளர்ச்சி குன்றுதல் என்றால் என்ன? மெலிந்து போவது வேறு, இது வேறு. வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாமல் போவதற்குத்தான் இந்தப் பெயர். மெலிந்த குழந்தையைப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கண்டுபிடித்துவிடுவார். உயரம் குன்றிய குழந்தை கன்னம் கொழுகொழுவென்று, ஓடியாடித் திரியும். யாருக்கும் சந்தேகமே வராது. அவன் தாத்தாவும் குட்டைதான், நம் வம்சமே குட்டைதான் என்று சிரித்துக்கொண்டு கடந்துவிடுவோம்.

நீங்களெல்லாம் அளவோடு வாழ்கிறவர்கள். ஒரு பனியனின் நீளம் ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலே டேப்பை வைத்துப் பார்த்து, செக்கிங்கில் தனியே எடுத்து வைக்கிறீர்கள். சரக்கு திரும்பி வந்துவிடுமே என்ற பயம்! இரண்டு வயது நிறைந்த ஆண் குழந்தையின் சராசரி நீளம் படுக்கவைத்து அளந்தால் 87.8 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பெண் குழந்தைக்கு 86.4. ஆணுக்கு 81.7-க்கும், பெண்ணுக்கு 80-க்கும் கீழே போனால் வளர்ச்சி குன்றியதாகக் கணக்கு. அதாவது ஆறு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்த பிறகுதான் குன்றல் என்றே சொல்கிறார்கள். அவ்வளவு தாராளமான கணக்கு அது. இந்த ஊரில் எத்தனை வீட்டில் குழந்தையின் உயரத்தை இரண்டு வயதுக்குள் ஒரு தடவையாவது அளந்திருப்போம்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

வம்சம் என்ற வாதத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த அளவுகளை வெள்ளைக்காரக் குழந்தைகளை மட்டும் வைத்து எழுதவில்லை. உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, நார்வே, அமெரிக்கா, உங்களில் பலர் அறிந்த ஓமன், நம் இந்தியா ஆகிய ஆறு நாடுகளில் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்து, 2006-ல் இந்த அளவுகளை வெளியிட்டது. இந்தியாவில் எடுத்துக்கொண்டது தெற்கு டெல்லியின் வசதியான குடும்பங்கள். தாய்ப்பால், நல்ல உணவு, சுத்தமான வீடு, தடுப்பூசி ஆகியவை கிடைத்தபோது டெல்லிக் குழந்தையும் ஓமன் குழந்தையும் நார்வேக் குழந்தையும் ஐந்து வயது வரை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். ஆகவே பழியைத் தாத்தாமீது போடாதீர்கள். பாவம், அவரும் தம் தாயின் வயிற்றிலேயே பசியோடு இருந்தவராக இருக்கலாம்.

இதில் உயரம் மட்டும் போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எந்தச் சத்துக்குறைவு எலும்பை வளரவிடாமல் தடுத்ததோ, அதுவே அந்த நாட்களில் மூளையையும் தொட்டுவிடுகிறது. பள்ளியில் பாடம் ஏறுவது தாமதப்படும். சளியும் வயிற்றுப்போக்கும் அடிக்கடி வரும். வளர்ந்த பின் உழைப்புத் திறனும் சம்பாத்தியமும் குறையும். பெண் குழந்தையாக இருந்துவிட்டால் கதை அடுத்த தலைமுறைக்கும் நீளும். குட்டையாக வளர்ந்த தாய்க்கு எடை குறைந்த பிள்ளை பிறக்கும் வாய்ப்பு அதிகம்.

தமிழ்நாட்டின் விசித்திரக் கணக்கு

இப்போது நம் மாநிலத்தின் நிலையைப் பாருங்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவிகிதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. எவ்வளவு பெரிய சாதனை! வீட்டில் பிரசவம் பார்த்துத் தாயும் சேயும் மாண்ட காலத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட நூறு குழந்தைகளில் 25 பேர் வளர்ச்சி குன்றியவர்கள். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் 27.1. சில ஆண்டுகளில் இறங்கியது இரண்டே சதவிகிதம். இந்தியாவின் சராசரி 35.5 என்பதால் நாம் தேவலாம் என்று சொல்லிக்கொள்ளலாம். நாலில் ஒரு பிள்ளை என்பது தேவலாம் என்று சொல்லக்கூடிய கணக்கா?

இன்னும் கேளுங்கள். கர்ப்பிணிகளில் ரத்தசோகை உள்ளவர்கள் 44.4 சதவிகிதத்திலிருந்து 48.3-ஆக ஏறியிருக்கிறது. மருத்துவமனையில் பிரசவம் நடந்தும், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் 60.2 சதவிகிதம்தான். சிசேரியன் 44.9 சதவிகிதம் என்பதும் அதற்கு ஒரு காரணம். மயக்கத்திலிருக்கும் தாயிடம் பிள்ளையை யார் கொண்டுபோய்ப் போடுவது? அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் வராந்தாவில் நிற்கும் நாம்தான்.

ஆக, டாக்டர் கையில் இருந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. மீதி வேலை வீட்டிலும் தொழிற்சாலையிலும் கிடக்கிறது.

அதற்குக் காலக்கெடுவும் இருக்கிறது. வயிற்றில் 270 நாள், முதல் ஆண்டு 365, இரண்டாம் ஆண்டு 365. மொத்தம் ஆயிரம் நாட்கள். உயரம் குன்றுவதில் பெரும்பகுதி இந்த ஆயிரம் நாட்களுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. பிறகு ஊட்டினால் எடை கூடும். இழந்த வளர்த்தி முழுதாகத் திரும்பாது. பள்ளியில் போடும் சோற்றின் பெருமையைக் குறைத்துச் சொல்லவில்லை. காமராஜர் காலத்து மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்து வந்தன. ஆனால் அந்தத் தட்டு பிள்ளையின் கைக்கு வரும்போது ஆயிரம் நாள் கடந்துவிடுகிறது.

இதை 1980-லேயே உணர்ந்து ஒரு திட்டம் நம் மண்ணில் நடந்தது. இன்றைய இளைஞர்களுக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் முதலில் நடத்திப் பார்த்தார்கள். அந்தந்த ஊரிலேயே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்தார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் தராசில் நிறுத்து, எடையைத் தாயின் கண்முன்னே அட்டையில் கோடாக வரைவார்கள். கோடு மேலே ஏறினால் சரி. ஏறாமல் நின்றால் 90 நாட்களுக்குச் சத்துருண்டை தருவார்கள், தேறியதும் நிறுத்திவிடுவார்கள். எல்லோருக்கும் அள்ளிக் கொடுக்கும் திட்டமாக அது இல்லை. தன் பிள்ளை வளர்கிறதா இல்லையா என்று தாயே கண்ணால் பார்க்கிறாள். ஏன் வளரவில்லை என்று அங்கேயே பேச்சு நடக்கிறது. கடுமையான ஊட்டக்குறைவு கணிசமாகக் குறைந்தது. 1997 வரை இரண்டு கட்டங்களாக அது நடந்தது. வெறும் சொற்பொழிவைவிட ஒரு தராசும் ஓர் அட்டையும் அதிகம் கற்றுத்தரும் என்பதற்குக் கொட்டாம்பட்டியே சாட்சி. (சொற்பொழிவாற்ற வந்த நானே இதைச் சொல்கிறேன்!)

டீயும் பன்னும்

இனி நம் ஊருக்கு வருவோம். திருப்பூர் வட்டாரத்தில் கம்பெனிக்குப் போகும் ஒரு பெண்ணின் நாளைப் பாருங்கள். காலையில் வீட்டு வேலை முடித்து, இரண்டு இட்லியோ பழைய சோறோ அவசரமாகப் போட்டுக்கொண்டு, கம்பெனி வேனைப் பிடிக்கிறாள். பதினொரு மணிக்கு டீயும் பன்னும். மதியம் டிபன் பாக்ஸில் சோறும் கொஞ்சம் ரசமும். நாலு மணிக்கு மறுபடி டீ. ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட். இரவு எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் மிஞ்சியதைத் தின்கிறாள். வீட்டிலேயே பீஸ் தைப்பவள், கைமடிப்பவள் கதையும் ஏறக்குறைய இதுதான். இவள்தான் கர்ப்பிணி. வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை.

அந்த டீயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாப்பாட்டோடு டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தேயிலை தடுக்கும். மாத்திரையும் அப்படித்தான், டீயோடு விழுங்கினால் பாதி வீண். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடிக்கட்டும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஏதாவது ஒன்று சோற்றோடு சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். டீக்குச் செலவாகும் காசுக்குள் ஒரு முட்டை வாங்கிவிடலாம். கறிக்கோழி விலையை நாட்டுக்கே சொல்லும் பல்லடம் நமக்குக் கூப்பிடு தூரம்; முருங்கை நம் வேலியில் நிற்கிறது. இல்லாமையால் மட்டும் நம் பெண்கள் சத்துக் குறைந்து போகவில்லை. வீட்டில் யாருக்கு முதலில் பரிமாறுகிறோம் என்ற வழக்கமும் காரணம்.

கர்ப்பிணிக்கு இரண்டு ஆள் சாப்பாடு தேவை என்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. நாளுக்கு 350 கலோரி கூடுதல் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், கைப்பிடி வேர்க்கடலை அல்லது சுண்டல் என்றால் கணக்குச் சரியாகிவிடும். பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம்தான் தேவை அதைவிட அதிகம், 600 கலோரி. நாமோ பிரசவம் முடிந்ததும் பத்தியம் என்று சொல்லி அவள் தட்டிலிருந்து எடுத்துவிடுகிறோம்!

வீடுகளில் உலவும் சில பேச்சுகளையும் இங்கேயே உடைத்துவிட வேண்டும். அதிகம் சாப்பிட்டால் பிள்ளை பெரிதாகிப் பிரசவம் சிரமமாகும் என்பது ஒன்று. பயந்துபோய்ப் பெண்கள் வேண்டுமென்றே குறைத்துச் சாப்பிடுகிறார்கள். பிறக்கிற பிள்ளை இரண்டரைக் கிலோவுக்குக் கீழே நிற்கிறது. வளர்ச்சிக் குன்றல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. இரும்பு மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்பது இன்னொன்று. மாத்திரையால் மலம் கறுக்கும், பிள்ளை கறுக்காது. குமட்டலும் மலச்சிக்கலும் வரலாம்; இரவு சாப்பிட்ட பின் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளலாம். கர்ப்ப காலத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள். கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே வேளையில் போடக் கூடாது. நம் வீடுகளில் ஈரலும் சுவரொட்டியும் ஊட்டுவார்கள். சுவரொட்டி ரத்தம் ஊறக் கொடுப்பது, சரிதான். ஈரலில் வைட்டமின் ஏ மிகுதி. கர்ப்பிணி அதை அடிக்கடி சாப்பிட வேண்டாம்.

பிள்ளை பிறந்ததும் சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் வைப்பதும், தேன் தொட்டு வைப்பதும் வேண்டாம். ஒரு வயது வரை தேன் ஆபத்து. சீம்பாலே முதல் தடுப்பூசி போன்றது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். ஆறு மாதம் முடிந்த மறுநாளே மசித்த சோறு, பருப்பு, நெய், அப்புறம் முட்டை, மீன். இங்கேதான் நாம் மிகவும் கோட்டை விடுகிறோம். பிஸ்கட்டை டீயில் நனைத்து ஊட்டுவதும், பெட்டிக்கடைப் பாக்கெட்டைக் கையில் கொடுத்து அழுகையை நிறுத்துவதும் பிள்ளையின் வயிற்றை அடைத்து வளர்த்தியைத் தின்கின்றன. வயிற்றுப்போக்கு வந்தால் பட்டினி போடாதீர்கள். உப்பு சர்க்கரைக் கரைசல், 14 நாள் துத்தநாக மாத்திரை, வழக்கம்போல் தாய்ப்பாலும் சாப்பாடும். ஒவ்வொரு வயிற்றுப்போக்கும் சில மில்லிமீட்டரைத் திருடிக்கொண்டு போகும் திருடன்.

தகப்பனின் கடமை

பாலூட்டும் காலத்தைப் பற்றித் திருக்குர்ஆன் பேசுவதை நம் மேடைகளில் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம், முழுமையாகப் பாலூட்ட விரும்புவோருக்கு இரண்டு ஆண்டுகள் என்கிறது. அதோடு நிறுத்திக்கொள்கிறோம். அதே வசனம் அந்தத் தாய்க்கு உணவும் உடையும் முறையாக அளிக்கும் பொறுப்பைக் குழந்தையின் தகப்பன்மீது வைக்கிறது. பால் கொடுக்கச் சொல்லி மனைவிக்கு உபதேசிக்கும் தம்பிமார்கள் அந்தப் பாதியையும் சேர்த்து ஓத வேண்டும். இரண்டு ஆண்டு என்பதில் இன்னொரு நன்மையும் அடங்கியிருக்கிறது. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையே 24 மாதமாவது வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தாயின் உடல் இழந்ததை மீட்க அவ்வளவு காலம் ஆகிறது.

ரமளான் வரும்போதும் இதே கவனம் வேண்டும். தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு வரும் என்று அஞ்சும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. விட்டதை எப்படி ஈடுசெய்வது என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள். உடல் நிலையை மருத்துவரிடம் கேளுங்கள். ஊர் என்ன சொல்லும் என்று மட்டும் கேட்காதீர்கள். சலுகை கொடுத்தவன் இறைவன். அதைப் பிடுங்கிக்கொள்ள மாமியாருக்கும் பக்கத்து வீட்டுக்கும் யார் உரிமை தந்தது?

திருமண வயது பற்றியும் ஒரு சொல். தன் உடலே வளர்ந்து முடியாத பெண் கர்ப்பமானால் தாயும் சேயும் ஒரே சத்துக்குப் போட்டி போடுகிறார்கள். அதே ஆய்வில், 20 முதல் 24 வயதுவரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 12.8 சதவிகிதம் பேர் 18 வயதுக்கு முன்பே மணமுடிக்கப்பட்டவர்கள். எந்தச் சமுதாயத்தில் அதிகம் என்று விரல் நீட்டுவது இங்கே தேவையில்லை. நம் நிக்காஹ் பதிவேட்டில் அப்படி ஒன்றும் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்தோனேசியாவைப் பாருங்கள். உலகின் மிகப்பெரிய முஸ்லிம் மக்கள்தொகை கொண்ட நாடு. 2013-ல் அங்கே வளர்ச்சி குன்றிய குழந்தைகள் 37.2 சதவிகிதம், நம்மைவிட மோசம். 2018-ல் 30.8. 2024-ல் 19.8. நம்மைத் தாண்டிவிட்டார்கள்! என்ன செய்தார்கள்? ஊர்தோறும் மாதாந்திர எடைபார்க்கும் கூடங்கள் அங்கே முன்பே இருந்தன. 2022 முதல் சமய விவகார அமைச்சகத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். திருமணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்பே மணப்பெண்ணின் எடை, உயரம், மேல்கைச் சுற்றளவு, ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பார்த்துக் குறை இருந்தால் சரிசெய்யச் சொன்னார்கள். திருமணத்தைத் தடுக்க இந்தச் சோதனை கிடையாது. கர்ப்பம் தரிக்கும்போது தாய் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். நம் ஜமாஅத்துகளும் தடையின்மைச் சான்று கேட்டு வாங்குகின்றன. அந்தக் கடிதத்தோடு ஹீமோகுளோபின் பார்த்த சீட்டையும் கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்?

முதலாளிமார்களுக்கு

தொழில் நடத்தும் பெரியவர்களே, சற்றுக் கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேறுகால விடுப்பு 26 வாரம் என்று 2017-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 26 வாரம்தான். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை. ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம். இதெல்லாம் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு; பத்து மிஷின் வைத்திருக்கும் எனக்கு எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் இ.எஸ்.ஐ. இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் பதிவாகி உரிய நாட்கள் சந்தா செலுத்திய பெண்ணுக்கு அந்த 26 வாரச் சம்பளத்தைக் கழகமே தருகிறது. உங்கள் பெட்டியிலிருந்து போவதில்லை. பத்துப் பேர் வேலை செய்தால் பதிய வேண்டியது கடமை. கான்ட்ராக்டர் கணக்கில் எழுதி, பீஸ் ரேட்டில் தள்ளி, பதிவிலிருந்து தப்பித்தால் மிச்சமாவது சந்தாப் பணம். போவது என்ன தெரியுமா? வயிறு தெரியத் தொடங்கியதும் அவளே வேலையை விட்டுப் போகிறாள், அல்லது பிள்ளைக்கு மூன்று மாதம் ஆவதற்குள் பால் பாட்டிலை மாமியார் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறாள். ஆறு மாதம் தாய்ப்பால் என்று டாக்டரம்மா சொன்ன பாடம் கம்பெனி வாசலிலேயே தோற்றுப்போகிறது.

பதிவு செய்ய முடியாத சின்னப் பட்டறைக்காரர்கூட ஒன்று செய்யலாம். கர்ப்பிணியை ஒன்றரை ஷிப்ட் நிறுத்தாதீர்கள். நின்று பார்க்கும் செக்கிங்கிலிருந்து உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றுங்கள். பதினொரு மணி டீயோடு பன்னுக்குப் பதிலாக ஒரு அவித்த முட்டையோ சுண்டலோ கொடுங்கள். டீயைச் சற்றுத் தள்ளிக் கொடுங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் லைன் வீடுகளில் குடியிருக்கும் பெண்களையும் மறக்க வேண்டாம். அவர்களுக்கு மொழி தெரியாது, எங்கே பதிவது என்றும் தெரியாது. நம் வாடகையை வாங்கிக்கொண்டு, அவள் கர்ப்பமாக இருக்கிறாளா என்று தெரியாமல் இருப்பது வீட்டுக்காரருக்கு அழகல்ல.

அரசு தருவதை வாங்குவதிலும் நாம் சோம்பேறிகள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தகுதியுள்ள ஏழைத் தாய்க்கு 2018 முதல் மொத்தம் 18,000 ரூபாய். அதில் 4,000 ரூபாய் மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள், மீதி வங்கிக் கணக்கில். பன்னிரண்டு வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிந்து எண் வாங்கியிருக்க வேண்டும். நாள் தள்ளியதை மூன்று மாதம் வெளியே சொல்லக் கூடாது என்ற வழக்கத்தால் எத்தனை பேர் பிந்திவிடுகிறார்கள்! பெட்டகம் வீட்டுக்கு வந்தாலும் நடப்பதென்ன? பேரீச்சம்பழம் பேரப்பிள்ளைகளுக்கு, சத்துமாவு எல்லோருக்கும், ஆவின் நெய் விருந்தாளி வந்த நாளில் பிரியாணிக்கு! இதில் சிரிக்கிறவர்கள் வீட்டில் நடந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவைத் தரக்குறைவு என்று வாங்காமல் விடும் வசதியான வீடுகளும் உண்டு. ஆறு மாதத்துக்குட்பட்ட கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளின் தாய்மார்களுக்கும் உதவும் வகையில் 2022-ல் ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம் உதகையில் தொடங்கப்பட்டு, 2024 நவம்பரில் அதன் இரண்டாம் கட்டம் அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் தொடங்கியது. அதில் சேர வேண்டுமானால் முதலில் பிள்ளையை எடைபோட அழைத்துப் போக வேண்டுமே!

இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். நோன்புக் கஞ்சிக்காக முப்பது நாள் ஒரு ஊரே ஒருங்கிணைகிறது. அரிசி யார், பருப்பு யார், கறி யார், விறகு யார் என்று பட்டியல் போட்டு, ஒரு நாள்கூடப் பிசகாமல் காய்ச்சி ஊற்றுகிறோம். அந்த ஒழுங்கில் பத்தில் ஒரு பங்கு போதும். உங்கள் தெருவில் யார் கர்ப்பிணி, பதிவாகிவிட்டதா, மாத்திரை தீர்ந்துவிட்டதா, வீட்டில் முட்டை வாங்க முடிகிறதா என்று பெண்கள் வழியாக விசாரித்து வையுங்கள். எந்தச் சமயத்தவர் என்று பார்க்க வேண்டாம். முடியாத வீட்டுக்கு மாதம் முப்பது முட்டையும் இரண்டு கிலோ பாசிப்பயறும் கடலையும் போக வேண்டும். இதைச் சில கடைக்காரர்கள் பகிர்ந்துகொண்டாலே தாராளம்.

இரண்டாவது, அளவுப் பலகை. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை நிற்க வைத்து அளக்க முடியாது. ஒரு மீட்டர் நீளப் பலகை, தலைமாட்டில் நிலையான கட்டை, கால்மாட்டில் நகரும் கட்டை, பக்கத்தில் ஒட்டிய அளவுகோல். நல்ல தச்சர் ஒரு நாளில் செய்துவிடுவார். அளவு சரிதானா என்று ஆரம்ப சுகாதார நிலையத்துப் பலகையோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அளக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையைப் பிடிக்க, ஒருவர் முழங்காலை மெதுவாக அழுத்திக் கட்டையை நகர்த்த. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். கம்பெனி லீவு, தகப்பனும் வரலாம். எண்ணை அட்டையில் எழுதி அவன் கையிலேயே கொடுங்கள். குறைவாக இருந்தால் மறுநாள் செவிலியரிடம் அழைத்துப் போகட்டும்.

முதல் பலகைக்கு ஆகும் செலவை ஏற்றுக்கொள்பவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் பெயர் கொடுக்கலாம்.